பாடத்திட்டத்தைப் பென்சிலில் எழுதுங்கள்

பெங்களூரு பொம்மனஹள்ளியில், ஒரு தையல் கடைக்கு மேலே இருக்கும் மாடியில், ஞாயிறு சாயங்காலம் நாலு மணிக்கு நான் கன்னடம் சொல்லித்தருகிறேன். வருகிறவர்கள் எல்லாரும் தமிழ்நாட்டிலிருந்து பிழைக்க வந்தவர்கள். கார்மெண்ட்ஸ் பெண்கள், செக்யூரிட்டி அண்ணன்கள், வீட்டு வேலைக்குப் போகிறவர்கள், மேஸ்திரிகள், எப்போதாவது ஒரு ஐ.டி. பிள்ளை. 2005இல் ஆரம்பித்தது. நான் டீச்சருக்குப் படித்தவள் இல்லை. 1996இல் கல்யாணமாகி திருவண்ணாமலைப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்து, ஓசூர் ரோடில் டெய்லராகச் சேர்ந்து, லைன் சூப்பர்வைசர் வரைக்கும் போனவள்.

வேறு ஏரியாவில் இப்படி வகுப்பு தொடங்குகிறவர்கள் "அக்கா, உங்க சிலபஸை அனுப்புங்க" என்று கேட்கிறார்கள். அனுப்பினால் பிரயோஜனம் இல்லை. என்னிடம் நாலு நோட்டு இருக்கிறது. நாலும் நாலு விதம். ஒன்று செத்துத்தான் அடுத்தது பிறந்தது. எப்படி மாற்றினேன் என்பதை வேண்டுமானால் சொல்கிறேன், அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

முதல் நோட்டில் நான் செய்ததை நீங்கள் செய்யாதீர்கள். அ, ஆ, இ, ஈ என்று தொடங்கினேன். கன்னடத்துக்கு 49 எழுத்து. வாரத்துக்கு ஆறு என்று கணக்குப் போட்டால் பேச்சுக்கு வரவே இரண்டு மாதம் ஆகும். ஐந்தாவது வாரம் மாடியில் நானும் மூன்று பேரும்தான் இருந்தோம். ஏன் எழுத்திலிருந்து தொடங்கினேன் தெரியுமா? வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு இடத்தில் கன்னடத்தில் இருந்த ஒரு தாளில் கையெழுத்துப் போட்டேன். வருகைப் பதிவு என்று நினைத்தேன். அது சம்பளமில்லாத லீவுக்கு நானே சம்மதித்த கடிதம். நாலு நாள் சம்பளம் போனது. அந்தக் கோபத்தில்தான் "முதலில் எழுத்து" என்று முடிவு செய்திருக்கிறேன். அது என் காயம். எதிரில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு வேறு காயம்: வீட்டு ஓனர் என்ன கத்துகிறார் என்று புரியவில்லை, அவ்வளவுதான். ஆகவே பாடத்திட்டம் போட உட்காரும்முன் உங்களையே ஒரு கேள்வி கேளுங்கள், இது யாருடைய தேவை என்று.

அப்புறம் திக்கு நோட்டு. என் வகுப்பில் உருப்படியான விஷயம் என்றால் இது ஒன்றுதான். ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். ஒவ்வொரு வகுப்பும் தொடங்கும்போது முதல் பத்து நிமிஷம் கேட்கவேண்டியது ஒரே கேள்வி: "இந்த வாரம் எங்கே திக்கினீங்க?" எங்கே, யாரிடம், அவர் சொன்னது என்ன, நீங்கள் சொல்ல நினைத்தது என்ன. நாலையும் எழுதுங்கள், திருத்தாமல் அப்படியே. ஒரு பக்கத்தைக் காட்டுகிறேன்:

"வீட்டு வேலை. ஓனரம்மா சொன்னது: நாளெ பர்பேட. நாளெ என்றால் நாளை, தெரியும். பர் என்றால் வருவது, தெரியும். அதனால் போனேன். வீடு பூட்டியிருந்தது. கேட்டால், வரவேண்டாம் என்றுதான் சொன்னேன் என்கிறார்."

இதில் ஒரு முழுப் பாடம் இருக்கிறது. பர்பேக்கு என்றால் வரவேண்டும். பர்பேட என்றால் வரவேண்டாம். வித்தியாசம் முழுக்க வாலில். நம்மவர்கள் வார்த்தையின் தலையைக் கேட்டுவிட்டு ஓடிவிடுகிறார்கள். மூன்று மாதம் கழித்து நோட்டைப் புரட்டினேன். அதே வால் பிரச்சினை வேறு வேறு வாயில் ஐந்து இடத்தில் இருந்தது. உடனே "வாலைக் கேள்" என்று ஒரு பாடம் சேர்த்தேன். என் கணக்கு இது: மூன்று பேர் ஒரே இடத்தில் திக்கினால் அது பாடம். ஒருவர் மட்டும் திக்கினால் அவருக்குத் தனியாகச் சொல்லி முடித்துவிடுவேன்.

இதை நான் பெரிய கண்டுபிடிப்பு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகுதான் தெரிந்தது, உலகத்தில் எல்லாரும் இதே சந்துக்குள் புகுந்து வந்திருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஐரோப்பாவிலிருந்து கப்பல் கப்பலாக ஆட்கள் வந்து இறங்கினார்கள். 1948இல் பெரியவர்களுக்கென்று அரசே ஆங்கில வகுப்பு தொடங்கியது. கப்பலிலேயே பாடம், போனகில்லா மாதிரியான முகாம்களில் பாடம். ஒரே வகுப்பில் பல நாட்டு ஆட்கள் இருந்ததால் டீச்சர் ஆங்கிலத்திலேயே பேசி, நடந்து காட்டி, பொருளைத் தூக்கிக் காட்டி, சூழ்நிலையை வைத்துச் சொல்லிக்கொடுக்கும் முறை அங்கே வேரூன்றியது. 1975இல் ஐரோப்பியக் கவுன்சில் ஒரு பட்டியல் போட்டது. இலக்கணத்தை வரிசைப்படுத்துவதற்குப் பதிலாக, புது ஊரில் ஒருவர் மொழியை வைத்து என்னென்ன செய்தாக வேண்டும் என்று கேட்டு, அதிலிருந்து பின்னோக்கி வந்தார்கள். கேட்பது, மறுப்பது, மன்னிப்புச் சொல்வது, வழி விசாரிப்பது. நம் திக்கு நோட்டுக்குத் தாத்தா அது.

என் இரண்டாவது நோட்டு, 2008இல் எழுதியது, கிட்டத்தட்ட அந்த ஆஸ்திரேலியா பாணிதான். ரேஷன் கடை, பஸ், ஆஸ்பத்திரி, வீட்டு ஓனர். ஒவ்வொன்றுக்கும் ஒரு உரையாடல். ஆனால் ஒன்றை மட்டும் அவர்களிடமிருந்து எடுக்கவில்லை. என் வகுப்பில் எல்லாருக்கும் தமிழ் தெரியும். பிறகு எதற்கு ஊமைக் கூத்து? தமிழை ஏணியாகப் போடுங்கள். முதல் நாள் போர்டில் நான் எழுதுவது இது: பால், பல், பத்து, பசி, பாம்பு, புலி, பணம். பக்கத்தில் ஹாலு, ஹல்லு, ஹத்து, ஹசிவு, ஹாவு, ஹுலி, ஹண. பழைய கன்னடத்தில் இவையெல்லாம் பகரத்தில்தான் இருந்தன; கிட்டத்தட்ட ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் தொடங்கி மெல்ல மெல்ல ஹகரமாயின. அடுத்த வரிசை: விலை, வெள்ளி, வாழை, வேர். பக்கத்தில் பெலெ, பெள்ளி, பாளெ, பேரு. அதாவது நம் ப அங்கே ஹ ஆகிறது, நம் வ அங்கே ப ஆகிறது. பத்து நிமிஷத்தில் கைவசம் இருபது வார்த்தை. "அட, இது நம்ம பாஷைதானே" என்று ஒருவர் சொல்லாத வகுப்பு இதுவரை நடந்ததில்லை. கூடவே ஒரு எச்சரிக்கையும் கொடுத்துவிடுங்கள்: புஸ்தகா, பேப்பர் மாதிரி வெளியிலிருந்து வந்த சொற்களில் இந்த வித்தை பலிக்காது. ஒருவர் ஹேப்பர் கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டார்.

நெருங்கிய மொழி என்பதால் வரும் ஆபத்தும் தனி. "ஊட்டா மாடிதீரா?" என்றால் சாப்பிட்டீர்களா. புதிதாய் வந்த ஒருத்தி ஊட்டி மாட்டைப் பற்றி ஏதோ கேட்கிறார்கள் என்று நினைத்தாள். சொப்பு என்றால் கீரை. துணி துவைக்கும் சோப்பைத் தேடாதீர்கள். இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகலாம். சிரிக்க முடியாத ஒன்று இருக்கிறது: பன்னி. மரியாதையாக "வாருங்கள்" என்று அர்த்தம். எங்கள் செக்யூரிட்டி அண்ணன் ஒருவருக்கு அதை வாயால் சொல்லவே கூச்சம். பெரிய மனுஷரைப் பார்த்து பன்னி என்பதா என்று, அதற்குப் பதில் "பா சார், பா சார்" என்று கூப்பிட்டிருக்கிறார். பா என்றால் ஒருமையில் வா. அபார்ட்மெண்ட் முதலாளி ஒருவர் எகிறிவிட்டார், வேலை போகாமல் தப்பியது அண்ணனின் அதிர்ஷ்டம். அதுவரை மரியாதைச் சொற்கள் என் பாடத்தில் எட்டாவது வாரம். மறுவாரமே இரண்டாவது வாரத்துக்கு ஏற்றினேன். வகுப்பில் எல்லாரும் எழுந்து நின்று ஒருவரையொருவர் "பன்னி, பன்னி" என்று கூப்பிட்டுச் சிரித்து முடிக்கும்வரை விடமாட்டேன். சிரிப்பு வகுப்பிலேயே தீர்ந்துவிட வேண்டும், அபார்ட்மெண்ட் கேட்டுக்குப் போகக் கூடாது. அதில் வரும் ப, பஸ் என்று சொல்லும்போது வரும் ப என்பதையும் அப்போதே சொல்லிவிடுவேன். தமிழ் எழுத்தில் கன்னடம் எழுதிக்கொள்கிறவர்கள் அந்த மாதிரி எழுத்துக்கு அடியில் ஒரு கோடு போட்டுக்கொள்ள வேண்டும். பென்சிலில்.

பொதுவாகப் பிழைகளை நான் விட்டுவிடுவேன். நாலு கொம்பு ஒரு கால் இடம் மாறினால் குடி முழுகாது, எதிராளிக்குப் புரியும். நீனு (நீ), நீவு (நீங்கள்) குழப்பத்தை மட்டும் விடவே மாட்டேன். மேஸ்திரியும் சூப்பர்வைசரும் தங்களை நீனு என்று கூப்பிடுவதைக் கேட்டே இவர்கள் கன்னடம் பழகுகிறார்கள். அதையே போலீஸ்காரரிடமும் திருப்பிச் சொன்னால் என்ன ஆகும்?

சரி, இரண்டாவது நோட்டு ஏன் செத்தது? உரையாடலை எல்லாரும் மனப்பாடம் செய்தார்கள். கண்டக்டர் "எல்லிகெ?" (எங்கே?) என்று கேட்டால் சில்க் போர்டு என்று ஸ்டாப் பெயரைச் சொல்லத் தெரியும். அவர் வேறு மாதிரி, "எல்லி இளீதீரா?" என்று எங்கே இறங்குவீர்கள் எனக் கேட்டால் வாய் அடைத்துவிடும். திக்கு நோட்டையே கண்ணை மூடிக்கொண்டு பின்பற்றினால் வருகிற கேடு இது. துண்டுத் துணிகள் சேருமே தவிர சட்டை ஆகாது. 2014இல் எழுதிய மூன்றாவது நோட்டில் ஒரு முதுகெலும்பு போட்டேன். பன்னிரண்டு வினைச்சொல்: ஹோகு (போ), பா (வா), கொடு, தகோ (எடுத்துக்கொள்), மாடு (செய்), ஹேளு (சொல்), கேளு, நோடு (பார்), இரு, நில்லு, கூத்கோ (உட்கார்), தின்னு. வால்கள் ஐந்தாறு: பேக்கு (வேண்டும்), பேட (வேண்டாம்), ஆகத்தெ (முடியும்), ஆகல்ல (முடியாது), கொத்து (தெரியும்), கொத்தில்ல (தெரியாது). நனகெ பேக்கு என்பது அப்படியே எனக்கு வேண்டும். உருபைக்கூட மாற்ற வேண்டாம். பன்னிரண்டு வாரத்துக்கும் இந்த எலும்பு மாறாது. ரேஷன் கடை போகலாம், வேறு கடை வரலாம், சதை மட்டும் மாறும். எதை மாற்றுவது, எதைத் தொடாமல் விடுவது என்று பிரித்துவைத்த பிறகுதான் எனக்கு நிம்மதியாகத் தூக்கம் வந்தது.

அதே வருஷம் ஒரு வாக்கியத்தைத் தூக்கினேன். "கன்னட கொத்தில்ல." முதல் வகுப்பிலேயே நானே சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தது. எனக்குக் கன்னடம் தெரியாது என்று கன்னடத்தில் சொன்னால் பேச்சு அங்கேயே முடிந்துவிடுகிறது. இப்போது அந்த இடத்தில் "சொல்ப சொல்ப பருத்தெ, நிதானவாகி ஹேளி" என்று இருக்கிறது. கொஞ்சம் கொஞ்சம் வரும், மெதுவாகச் சொல்லுங்கள். இதைச் சொன்னால் ஆட்டோக்காரர்கூட வேகத்தைக் குறைக்கிறார், பேச்சு வேகத்தைத்தான்.

நேரக் கணக்கைப் பற்றியும் சொல்லவேண்டும். என் அக்கா மகள் கல்யாணமாகி ஜெர்மனிக்குப் போனாள். 2005இலிருந்து அங்கே குடியேறியவர்களுக்கு அரசு ஏற்பாட்டில் ஒரு வகுப்பு இருக்கிறது: மொழிக்கு 600 பாட வேளை, அதற்குமேல் அந்த நாட்டுச் சட்டம், வரலாறு, பழக்கவழக்கம். இந்த இரண்டாவது பகுதி தொடக்கத்தில் 30 பாட வேளைதான் இருந்தது. கூட்டிக் கூட்டி இப்போது 100. மொழிக்கு ஒதுக்கியது அப்படியே இருக்க இது மட்டும் ஏன் வளர்ந்தது? அரசுக்குக் கவலை வரும்போதெல்லாம் அதில் சில பாட வேளை ஏறும் என்பது என் ஊகம். ஆஸ்திரேலியாவில் நெடுங்காலம் ஆளுக்கு 510 மணி என்று உச்சவரம்பு. 2021இல்தான் அதை எடுத்தார்கள். மணியை எண்ணுவதை விட்டுவிட்டு, ஆள் எந்த நிலைக்கு வந்தார் என்று பார்க்கத் தொடங்கினார்கள். என்னிடம் இருப்பது பன்னிரண்டு ஞாயிறு, ஒவ்வொன்றும் ஒன்றரை மணி, ஆக மொத்தம் 18. தமிழும் கன்னடமும் சகோதரிகளாக இல்லாவிட்டால் இந்தப் பதினெட்டை வைத்துக்கொண்டு ஒன்றும் கிழிக்க முடியாது. அதனால் கண்டிப்பான விதி: ஒன்று உள்ளே வந்தால் ஒன்று வெளியே போகவேண்டும். ஏற்றிக்கொண்டே போனால் பாடத்திட்டம் தீபாவளி பஸ் ஆகிவிடும்.

எதை வெளியே தள்ளுவது? ஊரைப் பாருங்கள். முன்பெல்லாம் சில்லறைக்கு மட்டும் ஒரு முழு வகுப்பு. கண்டக்டர் பாக்கியை டிக்கெட்டின் பின்னால் எழுதிக்கொடுப்பார், இறங்கும்போது கேட்டு வாங்கவேண்டும். அதற்கு இரண்டு வாக்கியம், கொஞ்சம் தைரியம். யு.பி.ஐ. வந்த பிறகு கடைகளில் தொகையைத் திரையிலேயே பார்த்துக்கொள்கிறார்கள். எப்பத்து என்றால் எழுபது, எம்பத்து என்றால் எண்பது என்று தலைகீழாக நின்று சொல்லிக்கொடுத்த பாடம் பாதியாகச் சுருங்கியது. ஆனால் எண்கள் வேறு வாசல் வழியாகத் திரும்பி வந்தன. டெலிவரி பையன் வாசலில் நின்று ஓ.டி.பி. கேட்கிறான், ஒவ்வொரு இலக்கமாகச் சொல்லவேண்டும். ஆகவே ஒன்றிலிருந்து பத்து வரை இருக்கிறது, நூறுக்கு மேலே போவதை நிறுத்திவிட்டேன்.

பஸ் பாடத்தை 2023இல் ஒரே வாரத்தில் மாற்றவேண்டி வந்தது. அந்த ஜூன் 11 முதல் கர்நாடகப் பெண்களுக்கு அரசு பஸ்ஸில் டிக்கெட் இலவசம். கண்டக்டர் இப்போது கேட்பது எங்கே போகிறாய் என்பதோடு, கார்டு எங்கே என்றும். எங்கள் பெண்களில் பாதிப் பேரின் ஆதாரில் தமிழ்நாட்டு விலாசம். கூட்டத்தில் எல்லார் முன்னாலும் அதை விளக்கவேண்டும். "நன்து தமிள்நாடு ஆதாரு, டிக்கெட் கொடி" என்பதைத் தலைநிமிர்ந்து சொல்லப் பழகினோம். கொடி என்றால் கொடுங்கள். சட்டம் மாறினால் உரையாடல் மாறும். அதனால் திக்கு நோட்டோடு சேர்த்துச் செய்தித்தாளையும் பார்த்துவையுங்கள்.

நான் துரத்தியடித்த எழுத்து திரும்பி வந்த கதைதான் எனக்கே வேடிக்கை. 2024இல் பெயர்ப்பலகைகளில் அறுபது சதவீதம் கன்னடம் இருக்கவேண்டும் என்று சட்டம் வந்தது. கடை போர்டுகளெல்லாம் மாறின. திக்கு நோட்டில் முதல் முறையாகப் "படிக்கத் தெரியல" என்ற வார்த்தை மூன்று பக்கத்தில் வந்தது. சரி, இதுதான் நேரம். ஆனால் இந்தமுறை அ, ஆ கிடையாது. பிரேசிலில் பாவ்லோ ஃப்ரெய்ரே என்ற கல்வியாளர் 1960களில் பெரியவர்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தபோது, அவர்கள் புழங்கும் ஒரு சொல்லை எடுத்து உடைத்துக் காட்டுவார். செங்கல் என்பதற்கு அங்கே டிஜோலோ. டி, ஜோ, லோ என்று பிரித்து, அதிலிருந்து புதுச் சொற்களைக் கட்ட விடுவார். பெங்களூருக்கு அந்தச் செங்கல் எது? நகர. மூன்றே எழுத்து, கொம்பில்லை, காலில்லை. அந்த மூன்றைக் கற்றுக்கொண்டால் சிவாஜிநகர, ஜயநகர, ராஜாஜிநகர, இந்திராநகர எல்லாவற்றிலும் பாதி படித்த மாதிரி. மீதிப் பாதியை ஊகித்துவிடுகிறார்கள், ஏனென்றால் ஊர் அவர்களுக்குத் தெரியும். இரண்டாவது சொல் ஹள்ளி. இதில்தான் ஒற்றெழுத்து கீழே தொங்குவதையும் இகரம் மேலே ஏறுவதையும் காட்டுவேன். மாரத்தஹள்ளி, பையப்பனஹள்ளி, நாங்கள் உட்கார்ந்திருக்கும் பொம்மனஹள்ளி. முதல் நாள் போட்ட ஏணியில் ஹகரத்தைப் பகரமாக மாற்றிப் பாருங்கள், பள்ளி வரும். திருச்சிராப்பள்ளிக்காரர் ஒருவர் அன்றைக்கு மீசையை முறுக்கிக்கொண்டார்.

எழுத்துப் பாடத்துக்குக் கரும்பலகை வேண்டாம். எல்லாரையும் கீழே ரோட்டுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். இருபது நிமிஷம், ஓசூர் ரோட்டு ஓரமாக. பேக்கரி, மெடிக்கல், மொபைல் கடை. போர்டில் இருப்பது பெரும்பாலும் கன்னட எழுத்தில் எழுதிய ஆங்கில வார்த்தை என்பதால் படித்த உடனே அர்த்தம் புரிகிறது. அந்தச் சந்தோஷத்தை வீணாக்காமல் அடுத்த எழுத்தைக் கொடுத்துவிட வேண்டும்.

இரண்டு சின்ன விஷயம். நிறங்கள், மிருகங்கள், பாட்டு இதெல்லாம் வேண்டாம். ஐம்பது வயது மேஸ்திரியை ஒட்டகத்துக்குக் கன்னடத்தில் என்ன என்று கேட்டால் அடுத்த வாரம் வரமாட்டார், நியாயம்தான். நின்று போனவர்களுக்குப் போன் செய்து ஏன் வரவில்லை என்று கேளுங்கள். நைட் டூட்டி என்பார்கள். இரண்டு நிமிஷம் பேசினால் உண்மைக் காரணம் வரும். அதையும் நோட்டில் எழுதுங்கள்.

இப்போது ஐந்தாவது நோட்டுக்கு நேரம் வந்துவிட்டது போலிருக்கிறது. 2025 ஆகஸ்டில் மஞ்சள் பாதை மெட்ரோ எங்கள் தலைக்கு மேலே ஓடத் தொடங்கியது. மெட்ரோவில் கண்டக்டர் கிடையாது, பேரம் கிடையாது. டோக்கனை எடுத்துக்கொண்டு வாயைத் திறக்காமலே போய்விடலாம். பஸ் பாடத்தைச் சுருக்கலாம் என்று நினைத்துக்கொண்டிருந்தபோது போன மாதம் மூன்று பேர் வரிசையாக ஒரே சொல்லில் திக்கினார்கள். அறிவிப்பில் "முந்தின நில்தாண" என்று வருகிறது. தமிழ்க் காதுக்கு அது கடந்துபோன ஸ்டேஷன். கன்னடத்தில் அது அடுத்த ஸ்டேஷன். நம் பின்னால் இருப்பது அவர்களுக்கு முன்னால் இருக்கிறது. அதில் ஒருத்தி கார்மெண்ட்ஸ் பெண். ஒரு அலுவலகத்தில் "முந்தின வார பன்னி" என்று சொல்லியனுப்பியதை, போன வாரமே வந்திருக்க வேண்டும் என்று திட்டுவதாக எடுத்துக்கொண்டு, அழுதுகொண்டே திரும்பி வந்துவிட்டாள். முந்தினவுக்கு இடம் பார்க்கவேண்டும். கேஸ் சிலிண்டர் புக் செய்யும் உரையாடல் இன்னும் ஏழாவது வாரத்தில் உட்கார்ந்திருக்கிறது. இப்போது யாரும் பேசி புக் செய்வதில்லை. ரப்பரை எங்கே வைத்தேன் என்று தேடிக்கொண்டிருக்கிறேன்.